வாதம் என்று கொண்டுவந்தார்கள்

போன நோன்புப் பெருநாள் முடிந்த சில நாள்களில், என் மனைவியின் தம்பி பசியாறிக்கொண்டிருக்கும்போதே கையிலிருந்த கோப்பையை நழுவவிட்டார். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. என்னவென்று கேட்டால் பதிலுக்கு நாக்கு புரளவில்லை. வங்கியில் வேலை செய்யும் அவருடைய மகன் காரை எடுத்தான், நானும் ஏறிக்கொண்டேன்.

மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஒரு தாதி வந்தார். முதல் வேலையாக என் மைத்துனரின் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை உள்ளங்கை அளவு இயந்திரம் ஒன்றில் வைத்தார்.

"வாய் கோணி, கை விழுந்து கெடக்குறாங்க. ஸ்ட்ரோக்குன்னு வாசல்லயே சொல்லிட்டேன். இவங்க என்னடான்னா சீனி பாத்துக்கிட்டு நிக்கிறாங்க!" என்று மகன் கத்தினான்.

"கத்தாதப்பா. அததான் மொதல்ல பாக்கணும்," என்று அவன் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

நான் சொல்லி முடிப்பதற்குள் இயந்திரத்தில் எண் வந்துவிட்டது. சீனி சரியாக இருந்தது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு நேரே ஸ்கேன் எடுக்கப் போனார்கள். மூளையில் ரத்தக்கட்டி. ஸ்ட்ரோக்தான். நல்ல நேரத்தில் கொண்டுபோனதால் மைத்துனர் இப்போது கைத்தடியோடு நடமாடுகிறார், குழம்பில் உப்பு போதவில்லை என்று அக்காவிடம் சண்டையும் போடுகிறார்.

பிறகொரு நாள் மகன் என்னிடம் கேட்டான்: "எதுக்கு மாமா அன்னைக்கு சீனி பாத்தாங்க?" அவனுக்கு ஏதோ ஒரு வரியில் பதில் சொன்னேன். முழுப் பதிலையும் இங்கே எழுதுகிறேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்திலேயே என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. அதில் இந்தக் கேள்விக்கான பதில் ஒரே நாளில் எனக்குக் கிடைத்தது.

நான் கோலசிலாங்கூரில் பிறந்தவன். தமிழ்நாட்டின் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த அத்தா, ஆற்றுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கடையை நான் எடுத்து நடத்துவேன் என்பது அவர் கணக்கு. எனக்கோ பள்ளிக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்க்குள் நிறம் மாறுவதைப் பார்த்ததிலிருந்து வேறெதிலும் மனம் ஒட்டவில்லை. கோலாலம்பூரில் பயிற்சி. மலம், சிறுநீர், சளி, ரத்தம் என்றே இளமை போயிற்று. பிப்பெட் என்ற அளவுக் குழாயை வாயால் உறிஞ்சும்போது எந்தக் கோட்டில் நாக்கை வைத்து நிறுத்துவது என்று அங்கே கற்றுக்கொண்டேன். கற்றுக்கொள்வதற்கு முன் சில அமிலங்களின் ருசியையும் தெரிந்துகொண்டேன். பயிற்சியைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை. ஊருக்குப் பக்கத்திலேயே வேலை கிடைத்தது.

எங்கள் மருத்துவமனையின் பரிசோதனைக் கூடம் மருந்துக் கிடங்கை ஒட்டிய ஓர் அறை. வெளிச்சத்துக்காக மைக்ராஸ்கோப்பை ஜன்னலோரம் வைத்திருந்தேன். குழாய்களைக் கொதிக்கவைக்க மண்ணெண்ணெய் அடுப்பின்மேல் ஒரு தண்ணீர்ச் சட்டி. நிறங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி ஒன்று மரப்பெட்டிக்குள் இருந்தது. அறை என்றால் அவ்வளவுதான்.

பெரிய டாக்டர் இளையதம்பி, யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான உடம்பு. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கமாகக் கட்டியிருப்பார். நோயாளியின் நாடியைப் பிடித்தால், பேச்சு எங்கே போனாலும் அந்தக் கையை விடமாட்டார். யாராவது கட்டில் பக்கத்தில் நின்று "ஸ்ட்ரோக்" என்றால் அவர் முகம் சுருங்கும்.

"பேர் வைக்கிறதுக்கு அவசரப்படக் கூடாது காசிம்," என்பார் என்னிடம். "பேர் வைச்ச பிறகு ஒருத்தரும் தேடமாட்டினம்."

ரத்தம் எடுக்க வேறு யாரையும் விடமாட்டார், தானே எடுப்பார். எடுத்த புட்டியை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு என் அறைக்கு நடந்துவருவார். என்ன நினைத்து எடுத்தேன், எதைத் தேட வேண்டும் என்று நின்று சொல்லிவிட்டுத்தான் போவார். அவரிடம் இன்னொரு பிடிவாதமும் உண்டு. சந்தேகமான ரத்தம் வந்தால் அதைத் தனியாகச் சோதிக்கக் கூடாது. நல்ல உடம்புக்காரர் ஒருவருடைய ரத்தத்தையும் கூடவே வைத்து, அதே மருந்து, அதே சூடு, அதே நேரம் கொடுக்க வேண்டும். மருந்து கெட்டிருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். பெரும்பாலும் அந்த நல்ல உடம்புக்காரன் நான்தான்.

சுங்கை செம்பிலாங்கிலிருந்து ஒரு சீன மீனவரைக் கொண்டுவந்தார்கள். வலையை இழுத்துக்கொண்டிருந்தவருக்கு இடதுபக்கம் செத்துப்போயிருந்தது. சீனி பார்த்தேன். மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பூசிப் பார்த்தேன். கிரந்தி என்ற பால்வினை நோய்க்கான சோதனையும் செய்தேன், அதுவும் மூளையைத் தாக்கும். எதிலும் ஒன்றுமில்லை. "இப்ப சொல்லலாம். இது ஸ்ட்ரோக்தான்," என்றார் டாக்டர். காலை இழுத்து இழுத்து நடந்துபோன அந்த மனிதர் பிற்பாடு எங்களுக்குக் கருவாடு அனுப்பிவைத்தார்.

இன்னொரு தடவை ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் பெண் ஒருத்தி, பேச்சு நின்று, ஒரு கை விழுந்து வந்தாள். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. தகட்டைப் பார்த்தால் சிவப்பணுக்களுக்குள் மோதிரம் மோதிரமாக மலேரியாக் கிருமி. குயினைன் ஊசி போட்டார்கள். பேச்சு திரும்பியதும் அவள் முதலில் கேட்டது வெற்றிலை.

ஸ்ட்ரோக் என்று அடித்துச் சொல்லும் ரத்தப் பரிசோதனை அன்றைக்கு இருக்கவில்லை. இன்றைக்கும் ரத்தத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஸ்ட்ரோக் மாதிரியே வேஷம் கட்டிக்கொண்டு வரும் நோய்கள் உண்டு. அந்த வேஷத்தைக் கலைக்க ரத்தத்தால் முடியும். கலைத்துவிட்டால் அந்த நோயைக் குணப்படுத்தவும் முடியும். என் மைத்துனரின் மகனுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபோதுதான் காத்தமுத்து மண்டோர் நினைவுக்கு வந்தார்.

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்திருந்த வருடங்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாது என்று அரசாங்கம் கட்டுப்பாடு போட்டிருந்தது. பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து ரப்பர் தோட்டங்களில், தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி. காலையில் வேலைக்குப் போகிறவர்களை வாசல் கேட்டில் நிறுத்தித் தடவிப் பார்ப்பார்கள், பெண்களைச் சோதிக்க ஒரு பெண். கேட்டைத் தாண்டி ஒரு பிடி சோறோ ஒரு துண்டு ரொட்டியோ போகக் கூடாது. சில தோட்டங்களில் அரிசியாகக் கொடுத்தால் காட்டுக்குப் போய்விடும் என்று பொதுச் சமையலில் சோறாக ஆக்கிக் கொடுத்தார்கள். பிடிபட்டால் சிறை. எத்தனை வருடம் என்று நினைத்துப் பார்க்கவே பயப்படுவார்கள்.

அப்படி ஒரு தோட்டத்தில் மண்டோர் காத்தமுத்து. பால்மரம் வெட்டும் ஆட்களை மேய்க்கும் வேலை. வாட்டசாட்டமான ஆள், ஐம்பதை நெருங்கியிருந்தார். கட்டுப்பாடு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அவருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, என்று எங்கள் மருத்துவமனையில் கண்டுபிடித்தோம். அவருடைய ரத்தத்தில் சீனி மிகுந்து, என் குழாய் கருநீலமாக வந்தது. டாக்டர் இன்சுலின் ஆரம்பித்தார். தினமும் விடியற்காலையில் தோட்டத்து மருந்தகத்தைக் கவனிக்கும் டிரஸ்ஸர் ஊசி போடுவார். தோட்டத்துக்குத் திருப்பி அனுப்புமுன் டாக்டர் அவரையும் அவர் மனைவி பவுனம்மாவையும் உட்காரவைத்துப் பேசினார்.

"ஊசி போட்டால் சாப்பிட வேணும். சாப்பிடாமல் இருந்தால் ஊசியே ஆளை விழுத்திப்போடும். வேர்த்து, கை நடுங்கி, தலை சுத்தினால் உடனே இனிப்பு வாயில போட வேணும். விளங்குதோ?"

"நான் பாத்துக்குறேன் ஐயா," என்றது பவுனம்மா. காத்தமுத்து தலையை மட்டும் ஆட்டினார்.

காத்தமுத்துவை மறுபடி நான் பார்த்தது, கட்டுப்பாடு வந்த பிறகு ஒரு காலை வேளையில்தான்.

தோட்டத்து லோரி ஒன்று வாசலில் வந்து நின்றது. பின்பக்கத்தில் ரப்பர் ஷீட் மூட்டைகளுக்கு நடுவே காத்தமுத்துவைக் கிடத்தியிருந்தார்கள். வலது கையும் வலது காலும் துணிபோலத் தொங்கின. வாய் கோணி, ஓரத்தில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. கூப்பிட்டால் ஒரு உறுமல் மட்டும் வந்தது. லோரியை ஓட்டிவந்தவன் பவுனம்மாவின் தம்பி சின்னராசு.

"மச்சானுக்கு வாதம் அடிச்சிருச்சு ஐயா. ரோட்டுல அப்படியே விழுந்துட்டாரு."

டாக்டர் காத்தமுத்துவின் கையைப் பிடித்தார். சட்டை வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"காலையில ஊசி போட்டவரோ?"

"போட்டாங்க."

"சாப்பிட்டவரோ?"

சின்னராசு ஒரு கணம் தயங்கினான். "சாப்பிட்டாரு லா ஐயா. நல்லா சாப்பிட்டாரு."

"நீர் கண்ணால பார்த்தனீரோ?"

"பாத்தேன்."

டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். இனிப்பு நீர்க்காரருக்கு மெய்யான ஸ்ட்ரோக்கும் வரும், மற்றவர்களைவிட அதிகமாகவே வரும். வயதும் சரியாக இருந்தது. சாப்பிட்டுவிட்டார் என்றும் சொல்கிறான். வார்டு சிஸ்டர் அப்போதே ஸ்ட்ரோக்தான் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டார். டாக்டர் இடது முழங்கையில் ரத்தம் எடுத்துப் புட்டியை என்னிடம் கொடுத்தார். அதே ஊசித் துளை வழியாக, தேன்போலக் கெட்டியான குளுக்கோஸை ஒரு பெரிய சிரிஞ்சால் மெதுவாக ஏற்றினார்.

"முதல்ல ரத்தம், பிறகு சீனி. மாறிச் செய்தால் உண்மை தெரியாமல் போயிடும்," என்று என்னிடம் சொன்னார். "உம்மடயும் சேர்த்து வையும்."

சீனி குறைந்துதான் விழுந்திருந்தால், குளுக்கோஸ் ஏறும்போதே கண் திறந்துவிடுவார்கள். சிரிஞ்ச் காலியாகும்போது எழுந்து உட்கார்ந்து "நான் எங்கே இருக்கேன்" என்று கேட்டவரை நானே பார்த்திருக்கிறேன். காத்தமுத்து கண் திறக்கவில்லை. சிரிஞ்ச் காலியானது. வலது கை எப்படிக் கிடந்ததோ அப்படியே கிடந்தது.

"ஸ்ட்ரோக்தான் டாக்டர்," என்றார் சிஸ்டர், மெதுவாக.

"பாப்பம்," என்றார் அவர்.

நான் அறைக்கு ஓடினேன். அத்தா கடைப் பையனை விட்டு அனுப்பியிருந்த தேநீர் மேசையில் ஆறிக்கிடந்தது. சட்டைக் கையைச் சுருட்டினேன். மருந்து கலக்குபவர் என் கையில் ரத்தம் எடுத்துக் கொடுத்தார்.

இன்றைக்கு ஒரு சொட்டில் முடிகிற வேலை, அன்றைக்கு எப்படி நடந்தது என்று சொல்கிறேன். ரத்தத்தை அளந்து எடுத்து, பத்து மடங்காகத் தண்ணீரும் இரண்டு மருந்துகளும் விட்டுக் குலுக்க வேண்டும். சிவப்பு மெதுவாக மாறி, கொக்கோ குடித்த கோப்பையின் அடிபோலப் பழுப்பாகத் திரளும். பழுப்பு வராவிட்டால் ஆரம்பத்திலேயே தவறு. திரண்டதை வடிகட்டினால் கீழே சொட்டுவது நிறமில்லாத வெறும் தண்ணீர் மாதிரி இருக்கும். ரத்தத்தின் சீனியெல்லாம் அந்தத் தண்ணீரில்தான். அதைக் கழுத்து குறுகிய குழாயில் எடுத்து, செம்பு கலந்த கரைசல் விட்டு, கொதிக்கும் தண்ணீரில் நிறுத்த வேண்டும். நேரம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எடுத்துக் குளிரவைத்து இன்னொரு மருந்தை விட்டால் நீலம் பிறக்கும். சீனி அதிகமென்றால் கருநீலம், குறைவென்றால் வெளிர்நீலம். எவ்வளவு என்று சொல்வது கண்ணின் வேலை. கருவிக்குள் பார்த்தால் ஒரு வட்டம் தெரியும். ஒரு பாதியில் அளவு தெரிந்த நீலம், மறுபாதியில் நோயாளியின் நீலம். இரண்டும் ஒன்றாகும்வரை திருகைத் திருப்ப வேண்டும்.

அவசரப்பட்டால் காரியம் கெட்டுவிடும். வார்டில் ஒரு மனிதர் விழுந்து கிடக்க, தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிழல் தட்டியது. வாசலில் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். முடிவுக்காக என் அறைக்கு வந்து அவர் காத்து நின்றதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"எப்பிடி?"

"இன்னும் கொதிக்குது ஐயா. மண்டோர்?"

"ஒரு மாற்றமும் இல்லை. இனியும் குளுக்கோஸ் ஏத்துறதா, நிப்பாட்டுறதா எண்டு தெரிய வேணும். மெய்யான ஸ்ட்ரோக் எண்டால் இதை ஏத்தி ஏத்தி ஒரு பிரயோசனமும் இல்லை."

நீலம் பிறக்க வேண்டிய நேரம். என் குழாய் நீலமானது. காத்தமுத்துவின் குழாயைத் தூக்கிப் பார்த்தேன், நீலமே இல்லை. வெள்ளை வேட்டியைக் கடைசியாக அலசிய நீலத்தண்ணீரில் மிஞ்சுமே ஒரு சாயல், அவ்வளவுதான். எதையோ விட மறந்துவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது.

டாக்டர் இரண்டு குழாய்களையும் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு கருவியில் கண்ணை வைத்துத் திருகைத் திருப்பினார். கடைசிவரை திருப்பியும் அந்தப் பாதி வட்டம் இருட்டவில்லை.

"உம்மட ரத்தம் சரியா இருக்கு. அதே மருந்து, அதே சூடு. அப்ப இதுவும் சரி," என்றார். "இவற்ற மூளை பட்டினி காசிம். நிறைய நேரம் பட்டினி கிடந்திருக்கு. அதான் ஒரு சிரிஞ்சுக்கு எழும்பேல்லை."

அவர் ஓடி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு நடந்தார் என்று சொல்ல முடியாது.

இன்னொரு சிரிஞ்ச் குளுக்கோஸ் ஏற்றி, புட்டியைக் கட்டித் தொங்கவிட்டுச் சொட்டு மருந்தாக இறக்கினார்கள். நான் மறுபடி ரத்தம் வாங்கிக்கொள்ளக் கட்டில் பக்கத்தில் நின்றேன். டாக்டர் சின்னராசுவைக் கூப்பிட்டார். அதட்டுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த முக்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"தம்பி, உம்மட மச்சான்ற ரத்தத்தில சீனி இல்லை. சாப்பிட்ட ஆளின்ற ரத்தம் இப்பிடி இராது. என்ன நடந்தது எண்டு சொல்லும். நான் பொலிஸ் இல்லை."

பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் உடைந்துபோனான்.

"அக்காவ மாத்தா புடிச்சிட்டுப் போயிட்டான் ஐயா." போலீஸ்காரரை மாத்தா என்றுதான் எல்லாரும் சொல்வோம். "மச்சான் மடியில எப்பவும் கல்கண்டு வச்சிருப்பாரு. சட்டம் வந்ததும் கேட்டுல புடுங்கிட்டாங்க. வேலைக்காட்டுல ரெண்டு மூணு தரம் மயக்கம் வந்துருச்சு. அக்கா டிரஸ்ஸர்கிட்ட அழுதுச்சு. அனுமதி கேட்டுருக்கோம், பொறுன்னாரு. பதிலே வரல. இன்னைக்குக் காலைல அக்கா கொண்டைக்குள்ள ஒரு துண்டு கருப்பட்டி வச்சிக்கிட்டுப் போச்சு. சோதிக்கிற பொம்பள கொண்டைய அவுத்துட்டா."

"இவர்?"

"ஊசி போட்டுட்டு அப்பத்தான் சாப்பாட்டுத் தட்டு முன்னாடி ஒக்காந்தாரு. செய்தி வந்ததும் தட்டத் தள்ளிட்டு ஓடுனாரு. மாத்தா வண்டி பின்னாடியே ஓடுனாரு ஐயா, பெரிய ரோடு வரைக்கும். நான் லோரிய எடுத்துக்கிட்டுத் தேடிப்போயி கண்டுபிடிக்கவே ரொம்ப நேரமாயிருச்சு."

"பிறகு ஏன் சாப்பிட்டவர் எண்டு சொன்னீர்?"

"சாப்பிடலன்னா ஏன்னு கேப்பீங்க. அக்கா விசயம் வெளிய வரும். குடும்பமே காட்டுக்காரனுக்குச் சாப்பாடு போடுதுன்னு எங்க எல்லாரையும் அள்ளிக்கிட்டுப் போயிருவாங்கன்னு..." அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

டாக்டர் அவன் முதுகில் கை வைத்தார்.

பிறகு காத்திருப்பு. சிஸ்டர்தான் முதலில் கவனித்தார். "வேர்வை நின்னுடுச்சு டாக்டர்." அப்புறம் இமைகள் அசைந்தன. கோணியிருந்த வாய், யாரோ உள்ளேயிருந்து நூலை இழுப்பது மாதிரி, மெல்ல நேரானது. காத்தமுத்து கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார். உதடு அசைந்தது. முதலில் வெறும் காற்று. அப்புறம் குழறிக்கொண்டு ஒரு சொல்.

"பவுனு."

சின்னராசு ஓவென்று அழுதான். சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒருபக்கம் மட்டும் ஏன் விழுந்தது ஐயா, மூளை முழுவதும்தானே பட்டினி என்று டாக்டரிடம் கேட்டேன். "எனக்கும் தெரியாது," என்றார், சந்தோஷமாக. தெரியாது என்பதை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னவரை நான் கண்டதில்லை.

அவர் அதோடு நிற்கவில்லை. போலீஸ் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினார். "என்ர நோயாளி ஒருவரின்ர மருந்து உங்களிட்ட மாட்டியிருக்கு. அதையும் எடுத்துக்கொண்டு ஒருக்கா வாருங்கோ," என்பதை மலாயில் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். மலாய்க்காரர், கஞ்சி போட்ட சட்டை, தூக்கம் கெட்ட கண்கள். சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் கருப்பட்டித் துண்டைக் காட்டினார். பேச்சு மலாயில் நடந்தது.

"இதுவா மருந்து?"

"இதுதான்."

"டாக்டர், இன்றைக்கு இவர் சீனிக்கு நோய் சொல்வார். நாளைக்கு அரிசிக்கு ஒருவர் நோய் சொல்வார். நான் கேட்டைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"சொல்கிறவர்களை என்னிடம் அனுப்புங்கள். ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்கிறேன்," என்றார் டாக்டர். "காசிம், கொண்டு வாரும்."

மூன்று குழாய்களை வரிசையாக வைத்தேன். குளுக்கோஸ் ஏறிய பிறகு எடுத்த ரத்தத்தையும் அதற்குள் செய்து முடித்திருந்தேன். முதலாவது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். இரண்டாவது நல்ல நீலம். மூன்றாவது அதைவிடக் கருத்த நீலம்.

"இது லோரியில் வந்தபோது எடுத்தது. கை வரவில்லை, வாய் வரவில்லை," என்று டாக்டர் முதலாவதைத் தொட்டார். மூன்றாவதைத் தொட்டு, "இது இப்போது. இரண்டுக்கும் நடுவில் நான் கொடுத்தது சீனி மட்டும்."

"நடுவில் இருக்கிறது யாருடைய ரத்தம்?"

"என்னுடையது துவான்," என்றேன்.

அவர் குழாய்களைக் கையில் எடுத்து மாறி மாறிப் பார்த்தார். பிறகு நேரே காத்தமுத்துவிடம் போனார்.

"உன் மனைவி இதை யாருக்குக் கொண்டுபோனாள்?"

காத்தமுத்துவின் நாக்கு இன்னும் முழுதாகத் தெளியவில்லை. "எனக்குத்தான் துவான். நான் விழுந்துருவேன்னு."

இன்ஸ்பெக்டர் கருப்பட்டியை மறுபடி காகிதத்தில் சுற்றினார். வெகு நேரம் சுற்றிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றியது. "என் அம்மாவுக்கும் கென்சிங் மானிஸ்தான்," என்றார் கடைசியில். இனிப்பு நீருக்கு மலாயில் அதுதான் பெயர். "அம்மா வீட்டில் இருக்கிறார். பசித்தால் சாப்பிடுகிறார்."

வழக்கு போடவில்லை. சீனி காத்தமுத்துவின் மடியில் இருக்கக் கூடாது, மூடி முத்திரை வைத்த டப்பாவில் போட்டு, வேலைக்காட்டுக்குக் காவலுக்குப் போகும் ஸ்பெஷல் கான்ஸ்டபிளிடம் இருக்க வேண்டும், மயக்கம் வந்தால் அவர் எடுத்துக் கொடுப்பார் என்று முடிவானது. டாக்டர் இன்சுலின் அளவையும் குறைத்தார்.

பிற்பகலில் பவுனம்மாவைக் கூட்டிவந்தார்கள். அவிழ்த்த கொண்டையை மறுபடி முடிந்துகொள்ளாமலே வந்தது. முடி முதுகெல்லாம் பரந்து கிடந்தது. வார்டுக்குள் நுழைந்ததும் கட்டிலைப் பார்த்து நின்றுவிட்டது.

"ஊசி போட்டுட்டு சாப்பிடாம ஓடி வந்தியாக்கும்? யாரு ஒன்ன ஓடி வரச் சொன்னா? ஜெயிலுக்குப் போனா நான் போறேன். நீ செத்துப்போனா நான் வந்து என்னத்துக்கு?"

வார்டு முழுவதும் கேட்டது. பவுனம்மா டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டது. பிறகு தணிந்த குரலில் கேட்டது.

"என்கூட உள்ள இன்னொரு அக்கா இருக்கு ஐயா. பால் வாளிக்கு அடியில அரிசி வச்சிருந்துச்சாம். அதுக்கு யாரு பேசுவா?"

அந்தக் கேள்விக்குச் சோதனை எதுவும் எங்களிடம் இருக்கவில்லை. அன்றைய நிம்மதியில் அந்த ஒரு முள் மட்டும் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

பவுனம்மா கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தது. அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. கட்டில் விளிம்பில் தலையைச் சாய்த்து, தோள் குலுங்க அழுதது. வலது பக்கத்தில் பலம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்க்க, காத்தமுத்துவைத் தன் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொல்வதற்காக டாக்டர் கையை நீட்டிக்கொண்டு குனிந்தார்.

அதற்குள் போர்வைக்கடியிலிருந்து அந்த வலது கை வெளியே வந்தது. கொஞ்சம் நடுங்கியது, ஆனால் வழி தவறவில்லை. பவுனம்மாவின் முகத்தில் விழுந்து கிடந்த முடியை விரல்களால் கூட்டி எடுத்து, ஒவ்வொரு இழையாகக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டது.

டாக்டர் நீட்டிய கையை மடக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வாரும் காசிம்," என்றார். "இனி நாங்கள் பார்க்க ஒண்டுமில்லை."